தம்பியின் வலது கை

போன ஞாயிறு பூசை முடிந்து நாமெல்லாரும் கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோமே, அப்போது காலடிப்பேட்டையிலிருந்து ஒரு சின்னப் பெண் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேன் எடுத்து இதயத்தில் குறை என்று சொல்லிவிட்டார்களாம். பிறந்த பிறகு நெஞ்சைத் திறந்து சரிசெய்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினாள். நீங்கள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டு அவன் கன்னத்தைக் கிள்ளினீர்கள். அவள் கொண்டுவந்த லட்டு டப்பா என்னிடம் வந்தபோது நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நம்மில் ஒருத்தி வீட்டுக்கே வந்துவிட்டாள். "இன்னாக்கா, ஒரு லட்டு துன்னா கொறஞ்சா பூடுவ? அந்தப் பொண்ணு மொகம் சுண்டிப்போச்சு" என்றாள். எனக்கு எப்போதும் பேச வாய் வராது, உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். உங்களில் யாரும் அவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் கல்யாணமாகி இந்தப் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஒண்ணாம் வகுப்பு முடிக்காமலே போய்விட்டான். அவனுக்கும் அதே குறைதான். ஒரு மழைக்காலத்தில் தெரியவந்து அடுத்த மழைக்கு முன் முடிந்துபோன கதை அது.

அப்போது நாங்கள் ராயபுரத்தில் ஒரு சந்தில் இருந்தோம். நீலக்காரச் சந்து என்று சொன்னால்தான் ரிக்‌ஷாக்காரருக்குத் தெரியும். வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலப்பொடியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுகிற வேலை எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு நடந்தது. வண்ணாரப்பேட்டையில் கிடங்கு வைத்திருந்த பாய், பெரிய தகர டின்னில் பொடியும் கட்டுக்கட்டாகக் காகிதமும் கைவண்டியில் கொண்டுவந்து இறக்குவார். அம்மா கரண்டியால் அளந்து போடுவாள். நான் மடித்து மைதாப் பசை தடவி ஒட்டுவேன். தம்பி பசை காயும்வரை பொட்டலத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பான். அவ்வளவுதான் அவன் வேலை. ஆனால் முதலாளி மாதிரி உட்கார்ந்திருப்பான்.

அந்தப் பொடி எவ்வளவு லேசானது என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூச்சு விட்டால் பறக்கும். சுவரில், பானையில், பழைய சோற்றில், தலைமுடியில் எல்லாம் நீலம். வேர்த்தால் கழுத்தில் நீலக் கோடு இறங்கும். மூக்கைச் சிந்தினால் நீலம் வரும். நான் புதுநன்மை வாங்கிய அன்று, முதல்முதலாக நற்கருணை அப்பத்துக்காகச் சாமியார் முன்னால் மண்டியிட்டு நாக்கை நீட்டினேன். சாமியார் கை அப்படியே நின்றுவிட்டது. "நீலச் சந்தா?" என்று காதோரம் கேட்டார். நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு தலையாட்டினேன். பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் நாக்கின் நுனியை மட்டும்தான் நீட்டுவேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் சந்தில் ஒரு பிள்ளையின் உதடும் நகமும் நீலமாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தம்பிக்குப் பிறந்த சில மாதத்திலிருந்தே உதடு நீலம். "பொடிய நக்கிக்கினு கீறான்" என்றார்கள். அம்மா அவனைப் பிடித்து உட்காரவைத்து நகத்தைப் புளி போட்டுத் தேய்ப்பாள், போகாவிட்டால் செங்கல் தூள் போட்டுத் தேய்ப்பாள். ரத்தம் கசியும். நீலம் போகாது. "ஊறிப்போச்சு" என்று அம்மா கையை விட்டுவிடுவாள். நைனா வேலையிலிருந்து வந்து அவன் வாயைப் பார்த்தால் அம்மாவுக்குத்தான் திட்டு.

"புள்ள வாய் நெறைய நீலம். உன் கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

"நா ஒருத்தி பொடிய அளக்கறதா, இவன் வாயப் புடிச்சிகினு குந்திகினு இருக்கறதா? நீ இட்டுகினு போ ஹார்பருக்கு."

நைனா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். அப்போதெல்லாம் கோதுமைக் கப்பல் வரும். தோளில் ஒரு இரும்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு போவார். வலது கையால் கொக்கியை மூட்டையில் குத்தி இழுத்து முதுகில் போடுவது ஒரே வீச்சில் நடக்கும் என்பார்கள். அவர் கேங்கில் அப்பன் இடம் மகனுக்கு வரும். அதனால் தம்பி பிறந்ததும் அவன் கையைத்தான் முதலில் பார்த்தாராம். தம்பி விரல்களின் நுனி உருண்டை உருண்டையாக, தவில் குச்சி முனை மாதிரி பருத்திருக்கும். நைனா அதைத் தன் தோஸ்துகளுக்கெல்லாம் காட்டுவார். "பாத்தியா வெரல? கொக்கி புடிக்கிற வெரலு. பொறக்கும்போதே இட்டாந்துட்டான்." அது வியாதியின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. ரத்தத்தில் காற்று போதாமல் அப்படிப் பருக்குமாம். அதுவரை அதுதான் எங்கள் வீட்டுப் பெருமை.

எங்களோடு சித்தப்பாவும் இருந்தார், நைனாவின் தம்பி. அவருக்கு வலது கை கிடையாது. ஒரு நாள் கிரேனில் தூக்கிய மூட்டைக்கட்டு அறுந்து அவர் கைமேல் விழுந்தது. நைனாதான் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் நசுங்கிய கையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாடி இல்ல, எடுத்துடணும்" என்றார்களாம். எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சித்தப்பாவுக்கு வேலை இல்லை, கல்யாணம் இல்லை. அவர் லுங்கியைத் தினமும் காலையில் நைனாதான் இறுக்கிச் சொருகிவிடுவார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தம்பியால் ரொம்பத் தூரம் நடக்க முடியாது. நாலு வீடு தாண்டினால் நடுரோட்டில் முழங்காலை மடக்கிக் குந்திவிடுவான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு எழுவான், திரும்ப நடப்பான், திரும்பக் குந்துவான். தெருவில் கேலி செய்வார்கள். "தொர இன்னா, ரோட்ட அளக்கறாரா?" நைனாவுக்கு அவமானமாக இருக்கும். "எழுந்திருடா, ஆம்பளப் புள்ள இப்டி ரோட்ல குந்தலாமா" என்று கையைப் பிடித்துத் தூக்கி நிற்கவைப்பார். நின்றால் அவனுக்கு முகம் இன்னும் கறுத்துவிடும். அடம் பிடிக்கிறான் என்று சொல்வார்கள்.

சித்தப்பாதான் அவனை நிற்கவைக்க மாட்டார். கப்பல் சரக்கோடு வரும் பலகையில் சக்கரமாக நாலு பேரிங் மாட்டி ஒரு வண்டி செய்தார். ஒரு கையால் எப்படி ஆணி அடித்தார் என்று கேட்காதீர்கள், ஆணியை நான் பிடித்துக்கொண்டேன். அந்த வண்டியில் தம்பியை உட்காரவைத்து இடது கையால் கயிற்றை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார். கடகடவென்று தெருவே அதிரும். தம்பி அதன் மேலே முழங்காலைக் கட்டிக்கொண்டு, "ஜல்தி, சித்தப்பா, ஜல்தி" என்று கத்துவான். அந்த வண்டி என்ன ஆயிற்று என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. விறகாகத்தான் போயிருக்கும்.

மழைக்காலத்தில் நீல வேலை நின்றுவிடும். ஈரக் காற்றில் பொடி கட்டிதட்டிப் போகும், பசையும் காயாது. அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. வேலை நின்று பல நாள் ஆயிற்று. சந்து முழுக்க எல்லோர் கையும் வெளுத்துக்கொண்டே வந்து சாதாரணக் கையாகிவிட்டது. ஒரு சாயங்காலம், வேலை மறுபடி எப்போது தொடங்கும் என்று சொல்லப் பாய் வந்தார். குடையை மடக்கி வாசலில் வைத்தார். தம்பி அவரிடம் போய்க் குந்தினான். அவர் அவன் கையைப் பிடித்து விளையாட்டாகத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, ஊருக்கே வேல இல்ல, இவன் மட்டும் எங்கிட்ட சொல்லாம எவங்கிட்டயோ நீலம் வாங்கறான் போலக்கீதே?"

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் கையைப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். என்னைக் கூப்பிட்டு என் கையை அவன் கைக்குப் பக்கத்தில் தரையில் வைக்கச் சொன்னாள். தன் கையையும் வைத்தாள். என் நகம் வெள்ளை, அவள் நகம் வெள்ளை. அவனுடையது மட்டும் நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. பாய் குடையை எடுத்துக்கொண்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே போனார். குடையை விரிக்கவே இல்லை.

நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "ரத்தத்துல ஏறிடுச்சு. போவப் போவ எறங்கிடும்" என்றார். தெருமுனை கம்பவுண்டரும் அதையே சொல்லி விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார். தம்பிக்கு வயிறு போனதுதான் மிச்சம். அப்படியே கிறிஸ்துமஸ் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பலூன் பின்னால் நாலு எட்டு ஓடினான். அவ்வளவுதான். முகம் மை மாதிரிக் கறுத்து, கண் சொருகி, துணி போல விழுந்தான். அன்றைக்குத்தான் நைனா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம்.

அங்கே குழந்தைகள் வார்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, வெள்ளைக் கோட்டில் ஒரு பித்தான் இல்லை. தம்பிக்கு மூச்சு திரும்பியதும் கையைப் பார்த்தார். நைனா முந்திக்கொண்டார்.

"நீலம்தான், டாக்டரம்மா. நாங்க நீலக்காரச் சந்து. பொடி."

அதற்குள் சந்தில் வேலை மறுபடி தொடங்கியிருந்தது. அம்மா தன் விரலை நீட்டிக் காட்டினாள், நல்ல நீலம். டாக்டரம்மா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அம்மாவின் விரலைத் துடைத்தார். பஞ்சு நீலமாகிவிட்டது. இன்னொரு பஞ்சு எடுத்துத் தம்பியின் விரலைத் துடைத்தார். அழுத்தி அழுத்தித் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. இரண்டு பஞ்சையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நைனா அந்த வெள்ளைப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்தா நடுவுல குந்திக்கிறானா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அம்மா திடுக்கிட்டாள். "உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"அவன் உடம்பு சொல்லுதும்மா. குந்தினா நுரையீரலுக்குக் கொஞ்சம் கூட ரத்தம் போகும். அவனே கண்டுபிடிச்சிருக்கான். அவனைக் குந்த விடுங்க, எழுப்பாதீங்க."

நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்து, இதயம் பூட்ஸ் வடிவத்தில் இருக்கிறது பாருங்கள் என்று டாக்டரம்மா காட்டினார். "பூட்ஸா? எங்க வம்சத்துலயே எவனும் செருப்பு போட்டதில்லியேம்மா" என்றார் நைனா. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு எங்களாலும் சிரிக்க முடிந்தது. அதற்கப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார். இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகிற வழி குறுகல். சுத்தமாகாத ரத்தம் ஓட்டை வழியாகக் கலந்து உடம்புக்குப் போகிறது, அதனால்தான் நீலம். பிறக்கும்போதே வந்தது, யார் தப்பும் இல்லை. இப்போது இதயத்துக்குள் போய்ச் சரிசெய்வது கஷ்டம். ஆனால் ரயிலில் போகிற தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே வேறொரு ஆபரேஷன் செய்கிறார்கள். கைக்குப் போகிற ரத்தக்குழாயை எடுத்து, நுரையீரலுக்குப் போகிற குழாயோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். நீலம் குறையும். மற்றப் பிள்ளைகள் மாதிரி நடப்பான், பள்ளிக்கூடம் போவான்.

"கைக்குப் போற கொழாயா?" என்றார் நைனா. "எந்தக் கை?"

"இவனுக்கு வலது கைதான் சரியா வரும்."

"எடது கையில எடுங்கம்மா."

"நம்ம இஷ்டத்துக்கு எடுக்க முடியாதுப்பா. உள்ளே குழாய் வளையற பக்கம் பார்த்துத்தான் செய்யணும். கைக்கு ஒண்ணும் ஆகாது. சுத்தி இருக்கிற சின்னக் குழாய்கள் வழியா ரத்தம் போயிடும். கொஞ்சம் மெலிசா வளரலாம். எழுதலாம், சாப்பிடலாம், வேலை செய்யலாம். அந்தக் கையில நாடி மட்டும் பார்க்க முடியாது, அவ்வளவுதான்."

அந்தக் கடைசி வார்த்தையை டாக்டரம்மா சொல்லாமல் இருந்திருந்தால் என்று நான் இந்த வயதிலும் நினைக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருப்பார். நைனா முகம் மாறிப்போனது. "யோசிச்சு சொல்றோம்" என்று தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் நடந்த சண்டையை மறக்க முடியாது. நான் பொட்டலம் ஒட்டிக்கொண்டு மூலையில் இருந்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. என்னை எப்போதும் யாரும் பார்க்க மாட்டார்கள், அதனால் எல்லாம் கேட்டேன்.

"நாடி இல்லாத கை செத்த கைடி" என்றார் நைனா. "நாடி இல்லேன்னு சொல்லித்தான என் தம்பி கைய வெட்டுனாங்க? நாளைக்கி அதே வார்த்தைய சொல்லிகினு வருவாங்க."

"அந்தம்மா கைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிச்சேய்யா."

"அதுக்கு இன்னா தெரியும்? மூட்ட தூக்கிகீதா?"

நைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா எழுந்து நின்றார். "அண்ணாத்தே, கை போனா போவட்டும். இட்டுகினு போ. எனக்குந்தான் கை இல்ல. நா உசுரோட இல்லியா?"

நைனா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ உசுரோட கீறயாடா?"

சித்தப்பா லுங்கியை இடது கையால் பிடித்துக்கொண்டார். வெளியே போய்விட்டார். நைனா கையால் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் காலையில் லுங்கி சொருகிவிடும்போது நைனா, "மன்சுல வெச்சுக்காதடா" என்றார். "நீ சொன்னதுல இன்னா தப்பு" என்றார் சித்தப்பா. இரண்டு பேரும் சந்துமுனைக் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு நைனா ஒரு முடிவுக்கு வந்தார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், தவசு காலம், தொடங்கப்போகிறது. விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர்வரை ஒருசந்தி இருப்பார், பீடியைத் தொடமாட்டார், மூட்டை தூக்குகிற உடம்போடு ஒருவேளைச் சோறுதான். ஈஸ்டர் அன்றைக்குத் தம்பி நகம் வெளுத்திருந்தால் ஆண்டவர் கையை விட்டுவைத்தார் என்று அர்த்தம். வெளுக்காவிட்டால் அவர் கையைக் கேட்கிறார், கொடுத்துவிடுவது. அம்மா எவ்வளவோ சொன்னாள், அழுதாள். "ஆண்டவருக்கும் எனக்கும் நடுவுல பேசாத" என்றார். விரதம் என்று சொன்ன பிறகு யார் தடுக்க முடியும்? கோயிலில் கூட எல்லோரும் மெச்சினார்கள்.

அந்த நாற்பது நாளும் நைனா இளைத்துக்கொண்டே போனார். விடிந்ததும் தம்பியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் நகத்தைப் பார்ப்பார். "இன்னிக்கி கொஞ்சம் பரவால்ல" என்பார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். தம்பிக்கு இதெல்லாம் விளையாட்டு. "நைனா, வெள்ளையாச்சா?" என்று கேட்பான். தானே சுண்ணாம்பைச் சுரண்டி நகத்தில் தடவிக்கொண்டு வந்து ஒரு நாள் காட்டினான். நைனா அவனை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அவருடைய பனியனில் சுண்ணாம்பு ஒட்டியது.

ஈஸ்டர் பூசைக்குப் போய்விட்டு வந்து நைனா அவன் நகத்தைப் பார்த்தார். அப்புறம் அம்மாவிடம், "நாளிக்கே போயி அந்தம்மாகிட்ட சொல்லிடு. கையி அவங்களுதுதான்" என்றார். அதைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. தாமதமாகிவிட்டது, ஆனாலும் அனுப்பலாம் என்றார். அந்த ஆஸ்பத்திரிக்குக் கேட்டு எழுதினார். மே மாதக் கடைசியில் வரச் சொன்னார்கள். அம்மாவிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்: இந்தப் பிள்ளைக்கு ரத்தம் கெட்டியாக இருக்கிறது, வெயிலில் உடம்பு வற்றக் கூடாது, தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா வீட்டில் எங்கே பார்த்தாலும் சொம்பு வைத்தாள். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி ஒரு சட்டை தைத்தாள். தம்பி தெருவில் எல்லோரிடமும், "நா ரயில்ல போவப் போறேன். என் கையில இருந்து ரத்தம் எடுத்து நெஞ்சுக்குக் குடுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "கைக்கு இன்னாடா குடுப்பாங்க?" என்று சித்தப்பா கேட்டால், "கைக்கு லீவு" என்பான். சித்தப்பா விழுந்து விழுந்து சிரிப்பார்.

கத்திரி வெயில் வந்தது. சந்தில் தகரக் கூரையெல்லாம் பகலில் டப்டப்பென்று வெடித்துக்கொண்டிருக்கும். எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தம்பிக்கும் வந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தாள், கஞ்சித்தண்ணீர் கொடுத்தாள். கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. காய்ச்சலும் சேர்ந்தது. கம்பவுண்டர் மருந்து கொடுத்தார். ஒரு நாள் காலையில் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தான். அம்மா சொம்பை அவன் கையில் கொடுத்தாள். சொம்பு விழுந்தது. திரும்பக் கொடுத்தாள். திரும்ப விழுந்தது.

"இன்னாடா, வெளாடறியா?" என்றாள் அம்மா.

அவன் ஏதோ சொல்ல வந்தான். வார்த்தை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை பாய்மேல் கிடந்தது, தூங்குகிற பூனைக்குட்டி மாதிரி.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மாதான். கைகாலையெல்லாம் தட்டிப் பார்த்தார். ஊசி முனையால் வலது பாதத்தில் கீறிப் பார்த்தார். அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நைனா கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டு, தம்பியின் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரயிலுக்கு இன்னிக்கே பொறப்படட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"இப்ப முடியாதுப்பா. ரத்தம் கெட்டியாகி உறைஞ்சு, மூளைக்குப் போற குழாயில அடைச்சிடுச்சு. இந்த நிலைமையில ஆபரேஷன் தாங்க மாட்டான். அங்கேயும் எடுத்துக்க மாட்டாங்க."

"நாடி அடிக்குதும்மா" என்றார் நைனா. "நல்லா அடிக்குது. நீங்க புடிச்சிப் பாருங்க. தூக்கத்தான் மாட்டேங்கறான்."

"கையில ஒண்ணும் கெடுதல் இல்ல. தலையிலதான்."

நைனாவுக்கு அது விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் தம்பியின் கையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, டாக்டரம்மாவை நோக்கித் தூக்கி நீட்டினார்.

"இத்த எடுத்துக்குங்கம்மா. அன்னிக்கி நா வாணான்னுட்டேன். இப்ப எடுத்துக்குங்க. கொழாய் மட்டும் வாணாம், முழுசா எடுத்துக்குங்க. எனக்கு வாணாம். நெஞ்ச மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நாங்க கையைக் கேக்கவே இல்லையேப்பா" என்றார்.

தம்பி நைனாவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை அழுதது. டாக்டரம்மா அங்கே போனார். நைனா கையைக் கீழே வைக்கவில்லை. யாரோ வந்து வாங்கிக்கொள்வார்கள் என்பது போல நீட்டிக்கொண்டே இருந்தார்.